அந்தத் தெருவில் மூன்றாவது கியர்

கண்ணு, கறுப்பு வண்டியையே புக் பண்ணிவிடுகிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சொல்லிவிட்டு நீ பெங்களூர் ரயில் ஏறிவிட்டாய். வேண்டாம். இதைக் கடைசியில் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பாதி படித்ததும் நீ ஷோரூமுக்குப் பணம் அனுப்பிவிடக்கூடிய ஆள் என்பதால் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். போனில் பேசியிருக்கலாம். போனில் நான் எதைச் சொன்னாலும் "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று கேட்டுவிட்டு உன் இஷ்டப்படிதான் செய்வாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அந்த வசதிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். இதை நித்யாவுக்கும் படிக்கக் கொடு. நீ வாங்கப்போகும் வண்டியின் பின் சீட்டில் இனி அவள்தான் உட்காரப் போகிறாள். ஸ்கூட்டரை அவள் ஓட்டுகிற விதத்தைப் பார்த்தால் முன் சீட்டுக்கு வரவும் அதிக நாள் ஆகாது என்று நினைக்கிறேன்.

வண்டி பார்க்க அம்மாவைக் கூட்டிப்போகிறான் என்று உன் கூட்டாளிகள் கிண்டல் செய்தார்களாமே. செய்யட்டும். பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவிலேயே என் சர்வீஸ் முழுவதையும் ஓட்டினவள் நான். மோட்டார் ஓடுகிற சத்தம் எனக்குப் பழகின சத்தம். மேனேஜர் பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாலும், சோதனை முடியாமல் ஒரு பம்பையும் வெளியே விட்டதில்லை. அங்கே கற்றுக்கொண்ட முதல் விஷயம், இரண்டு மெஷினை ஒப்பிட வேண்டுமானால் இரண்டுக்கும் ஒரே வேலையைக் கொடுக்க வேண்டும் என்பது. ஒரே பைப், ஒரே தொட்டி, ஒரே உயரம். அதனால்தான் நீ உன் நண்பர்களிடமிருந்து ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றாக மூன்று வண்டிகளை இரவல் வாங்கிவந்தபோது, மூன்றையும் ஒரே ரோட்டில்தான் ஓட்ட வேண்டும், பின்னால் மூன்று தடவையும் நான்தான் உட்காருவேன் என்று சொன்னேன். சேலையோடு ஒரு பக்கமாக உட்கார்ந்தால் பாரம் இடது பக்கம் சாய்ந்து சோதனை கெட்டுவிடும் என்று சுடிதார் போட்டு, இரண்டு பக்கமும் கால் போட்டு, ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டு நான் வாசலில் நின்றதைப் பார்த்து உன் சித்தி சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. அவளுக்கென்ன, அவள் காரில் போகிறவள்.

சரவணம்பட்டி நெரிசல், கோவில்பாளையத்து ஸ்பீடு பிரேக்கர்கள், அன்னூர் வரைக்கும் நேர் ரோடு, அங்கிருந்து உன் பெரியப்பா ஊர் வழியாக மேட்டுப்பாளையம், அப்புறம் கோத்தகிரி ரோட்டில் கொஞ்சம் வளைவுகள், திரும்பும்போது காரமடை. ஒரு வண்டிக்கு வரக்கூடிய எல்லாச் சங்கடமும் இந்த ஒரு சுற்றில் வந்துவிடும். கறுப்பு வண்டியில்தான் முதலில் போனோம். அதன் பின் சீட்டு நம் வீட்டு சோபாவை விட நன்றாக இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. நாலாவது கியரில் மாட்டு வண்டிக்குப் பின்னால் ஊர்ந்தாலும் முனகாமல் இழுக்கிறது. அடிமட்டத்தில் அத்தனை பலம். ஆனால் அன்னூர் நேர் ரோட்டில் நீ கொஞ்சம் விரட்டினதும் கால் வைக்கும் கம்பியில் ஒரு நடுக்கம் ஆரம்பித்தது, என் உள்ளங்கால் அரிக்கிற அளவுக்கு. கோத்தகிரி ரோட்டில் ஒவ்வொரு வளைவுக்கும் அதைக் கெஞ்சிக் கூத்தாடித்தான் திருப்பினாய். உன் தோள்பட்டை இறுகுவது பின்னால் இருந்த எனக்குத் தெரிந்தது. பிரேக்கும் பிடித்த இடத்தில் நிற்கவில்லை, யோசித்துவிட்டு நின்றது. நேர் ரோட்டில் நிதானமாகப் போகிறவர்களுக்கு அது நல்ல வண்டி.

சிவப்பைப் பற்றி அதிகம் எழுதினால் எனக்கு மறுபடியும் இடுப்பு வலிக்கும். அது வேகமான வண்டி, சந்தேகமே இல்லை. பாதி ஆர்பிஎம் தாண்டின பிறகு அது இழுத்த இழுப்பில் நான் உன் சட்டையைப் பிடித்தது உனக்குத் தெரிந்திருக்கும். வளைவில் நீ நினைக்கும்போதே திரும்பிவிட்டது. எடையும் மூன்றில் அதற்குத்தான் குறைவு. ஆனால் பின் சீட்டென்று அவர்கள் வைத்திருப்பது ஒரு சின்னப் பலகை. நீ பிரேக் போட்டபோதெல்லாம் என் ஹெல்மெட் உன் ஹெல்மெட்டில் போய் இடித்தது. கோவில்பாளையத்தில் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரும் நேரே என் முதுகெலும்பில் ஏறிவிட்டுத்தான் இறங்கியது. சரவணம்பட்டி சிக்னலில் இஞ்சின் சூடு முழங்காலைச் சுட்டது. மெதுவாகப் போகச் சொன்னால் செயின் இழுத்து இழுத்து அடித்து, கோபித்துக்கொண்ட மாதிரி ஓடியது. தனியாக இருக்கிற பையனுக்கு ஆகும். கல்யாணம் ஆகப்போகிற பையன் அதைப் பார்த்துவிட்டு வரலாம், வாங்கக்கூடாது.

பச்சை வண்டிக்கு வருகிறேன். மூன்றும் ஏறக்குறைய ஒரே சிசி, ஒரே விலை. இது பலத்தில் கறுப்புக்கும் வேகத்தில் சிவப்புக்கும் நடுவே நிற்கிறது என்று நீ சொன்னாய். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஓட்டுவதற்கு அது இரண்டையும் விட நல்ல வண்டி. கிளட்ச் லேசு, நெரிசலில் உன் இடது கை ஒரு தடவைகூட உதறவில்லை. ஸ்பீடு பிரேக்கரில் ஏறியது தெரிந்தது, இறங்கியது தெரியவில்லை. வளைவில் நீ ஒரு தடவை சாய்த்ததும் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு கடைசி வரைக்கும் விடாமல் போயிற்று. வளைவு முடிந்து இரண்டாவது கியரில் மேட்டில் ஏறும்போது தட்டாமல், திணறாமல் இழுத்தது. முக்கியமாக, அந்த வண்டியில் உன் முதுகு தளர்ந்திருந்தது. நீ பாட்டுகூட முணுமுணுத்தாய். குறையென்று பார்த்தால் நெரிசலில் வலது காலில் கொஞ்சம் சூடு, சீட்டு கறுப்பை விடக் குறுகல், சேலை கார்டு தனியாக மாட்ட வேண்டும். மூன்றும் சரி செய்யக்கூடிய குறை, அல்லது பொறுத்துக்கொள்ளக்கூடிய குறை.

இத்தனைக்கும் அப்புறம், ரயிலுக்குக் கிளம்பும் அவசரத்தில் சாப்பிட்டுக்கொண்டே நீ சொன்னாய்: "பச்சை வேண்டாங்கம்மா. சத்தம் எச்சா இருக்குது. அப்பாவுக்கு ஆகாது."

"மேல வளைவுல சிரிச்சயே கண்ணு. அதே சத்தந்தான?" என்று கேட்டேன்.

"அது மலைங்கம்மா," என்றாய். அத்தோடு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாய்.

நீ போன பிறகு உட்கார்ந்து யோசித்தேன். கோத்தகிரி ரோட்டில் இறங்கும்போது நீ ஆக்சிலரேட்டரை விட்டதும் பச்சை வண்டியின் சைலன்சர் படபடவென்று வெடித்தது. "கேட்டீங்களாம்மா?" என்று தலையைத் திருப்பிச் சிரித்தாய். அதே வெடி அதற்கு முன்னால் காலையில் உன் பெரியப்பா ஊரின் பெரிய தெருவில் கேட்டபோது உன் கழுத்து சட்டைக்குள் போய்விட்டது. மற்ற இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் மனதில் ஓட்டிப் பார்த்தேன். மூன்று வண்டியிலும் நீ ஒரே இடத்தில், பிள்ளையார் கோயில் தாண்டி அந்தத் தெரு ஆரம்பிக்கிற இடத்தில், ஆக்சிலரேட்டரை முழுக்க விட்டு இரண்டாவது கியருக்கு இறங்கினாய். ரோட்டில் குழியில்லை, குறுக்கே ஆளில்லை. கறுப்பு வண்டி அதைப் பொறுத்துக்கொண்டு சத்தமில்லாமல் உருண்டது. சிவப்பு முரண்டு பிடித்தது. பச்சை வெடித்தது, டீக்கடையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். தண்ணீர் வெளியே போகிற டெலிவரி வால்வை மூடி வைத்துவிட்டு ஓட்டினால் நல்ல பம்பும்தான் இரையும். அதை வைத்துப் பம்பைக் கழித்துக்கட்ட முடியாது. நீ மூன்று வண்டிகளை ஓட்டிப் பார்த்துவிட்டு, எது நன்றாக ஓடுகிறது என்று தேர்ந்தெடுக்கவில்லை. அந்தத் தெருவில் எது யார் கண்ணிலும் படாமல் போகிறது என்று தேர்ந்தெடுத்திருக்கிறாய். உனக்கே அது தெரியாது என்பதுதான் என் கவலை.

அந்தத் தெரு தோட்டத்துக்காரர்கள் வீடு இருக்கிற தெரு. அதைக் கடந்து போனால்தான் நம் ஆட்கள் இருக்கிற வளவு. உன் தாத்தா காலத்தில் நம் ஆட்கள் அந்தத் தெருவில் சைக்கிளில் உட்கார்ந்து போக முடியாது, இறங்கி உருட்டிக்கொண்டு போக வேண்டும். அதெல்லாம் எப்போதோ போய்விட்டது. இப்போது வளவுப் பையன்கள் எல்லா வண்டியும் ஓட்டுகிறார்கள், யாரும் ஏனென்று கேட்பதில்லை. ஆனால் உன் அப்பாவைப் பார். கவர்ன்மென்ட் பஸ் டிரைவராக அதே தெருவில் தினமும் எத்தனை டிரிப் அடித்தவர். அவர் ஏர் ஹாரனை அடித்தால் எருமை முதல் எல்லாரும் ஒதுங்க வேண்டும். வழியில் யாராவது காரை நிறுத்தியிருந்தால் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துச் சத்தம் போடுவார். அப்படிப்பட்ட மனுஷன், கல்யாணமான புதிதில் என்னை முதல் முதலாகச் சொந்த மோட்டார் சைக்கிளில் ஊருக்குக் கூட்டிப் போனபோது, அந்தப் பிள்ளையார் கோயிலைத் தாண்டினதும் வண்டியை நிறுத்தினார். "இறங்கு அம்மணி, கொஞ்ச தூரம் நடந்துக்கலாம்," என்றார். இஞ்சினை அணைத்துவிட்டு உருட்டினார். நான் பக்கத்தில் நடந்தேன். நான் கோயமுத்தூரில் மில் லைன் வீட்டில் வளர்ந்தவள், எனக்கு விளங்கவில்லை. பெட்ரோல் தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு கேட்டேன், பஸ்ஸில் அத்தனை ஹாரன் அடிக்கிறீர்களே, இதில் ஏன் இறங்கினீர்கள் என்று. "அது கவர்ன்மென்ட் வண்டி அம்மணி. இது நம்முளுதல்ல," என்றார். நம்முடையதாயிற்றே என்ற அர்த்தத்தில்தான் சொன்னார். பிற்பாடு அவர் இறங்குவதை விட்டார். ஆனால் ஆக்சிலரேட்டரை விட்டுவிடுவார். புது வண்டி வாங்கும்போதெல்லாம் ஷோரூமில் அவர் மைலேஜ் கேட்டதில்லை, சைலன்சர் பக்கம் குனிந்து சத்தம் கேட்டுப் பார்ப்பார். உன்னை டேங்க் மேல் உட்காரவைத்து ஓட்டின காலத்தில், அந்தத் தெரு வந்ததும் "மெதுவா கண்ணு, மெதுவா" என்று உன் காதில் சொல்வார். நீ அது பத்திரத்துக்காகச் சொல்வதென்று நினைத்து வளர்ந்தாய். வேண்டுமென்றேதான் நானும் உனக்கு இதைச் சொல்லவில்லை. என் பிள்ளை இது தெரியாமலே வளரட்டும் என்று நினைத்தேன், இப்போதும் அதில் எனக்கு வருத்தமில்லை. கதை தெரியாவிட்டால் பழக்கமும் வராது என்று நினைத்ததுதான் என் கணக்குப் பிசகு. உன் கை அதை அப்பா கையிலிருந்து நேராகவே எடுத்துக்கொண்டுவிட்டது.

இப்போது ஏன் இவ்வளவு கறாராக எழுதுகிறேன் என்றால், கல்யாணம் முடிந்ததும் முதல் விருந்து உன் பெரியப்பா வீட்டில். நீங்கள் இரண்டு பேரும் வண்டியில்தான் வருவீர்கள் என்று அவர் ஊர் பூராவும் சொல்லிவைத்திருக்கிறார். தாராபுரத்தில் பிறந்து வளர்ந்த பெண் பின்னால் புதுச் சேலையில் உட்கார்ந்திருப்பாள். பிள்ளையார் கோயிலைத் தாண்டினதும் நீ ஆக்சிலரேட்டரை விடுவாய். என்னாச்சு என்று கேட்பாள். ஒன்றுமில்லை என்பாய். அவள் கெட்டிக்காரி, அடுத்த தடவை கேட்க மாட்டாள், தானே தெரிந்துகொண்டு தலைப்பை இழுத்துவிட்டுக்கொள்வாள். அப்புறம் உங்களுக்குப் பிறக்கிற பிள்ளையை டேங்க் மேல் உட்காரவைப்பீர்கள். எனக்கு அதை நினைத்தால் ஆத்திரம் வருகிறது, கண்ணு. யார் மேல் என்று கேட்காதே. தடுக்க யாருமில்லாத தெருவுக்குப் பயந்து நாம் வண்டி வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் ஆத்திரம்.

திங்கட்கிழமை இதை அப்படியே உன் அப்பாவிடம் சொல்லிப்போட்டேன். பையன் பச்சை வண்டியை விட்டுவிட்டு உங்களுக்காகக் கறுப்பை எடுக்கப் போகிறான், இந்தக் காரணத்துக்காக, என்றேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார். "நாஞ் சொல்லிக் குடுக்கவே இல்லையே அம்மணி," என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. மறுநாள் காலையில் சவரம் செய்து, சட்டை மாற்றிக்கொண்டு வந்து, "அந்தப் பச்சை வண்டிச் சாவி எங்க இருக்குது?" என்று கேட்டார். உன் நண்பன் வியாழக்கிழமைதான் வண்டியை எடுக்க வருகிறான் என்பதால் அது நம் வாசலிலேயே நின்றது. அவனுக்குப் போன் போட்டு அனுமதி கேட்டுக்கொண்டுதான் எடுத்தோம். எங்கே போகிறோமென்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. சுடிதார் மாற்றிக்கொண்டு வந்து பின்னால் உட்கார்ந்தேன்.

பஸ் ஓட்டினவர் கை, வண்டி அவருக்கு உடனே பழகிவிட்டது. அன்னூர் வரைக்கும் அருமையாக ஓட்டினார், உன்னை விடவும் நன்றாக என்றுகூடச் சொல்வேன். பிள்ளையார் கோயில் வந்தது. அவர் உறுதியோடுதான் வந்திருந்தார், எனக்குத் தெரியும். ஆனாலும் மனுஷனின் கை அதுபாட்டுக்கு ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டது. கியர் இறங்கியது. பட்பட்டென்று தெரு முழுக்க வெடித்தது. அவர் உடம்பு விறைத்ததை நான் பின்னால் இருந்து பார்த்தேன். தெரு நடுவில், டீக்கடைக்கு எதிரிலேயே வண்டி நின்றுவிட்டது. அவர் காலை ஊன்றினார், இறங்கவில்லை. டீக்கடையில் வெள்ளை வேட்டி கட்டின பெரியவர் ஒருத்தர் இருந்தார், அந்தத் தெருக்காரர், தோட்டத்துக்காரர் வீட்டு ஆள். எழுந்து வந்தார்.

"ஏனுங்க டிரைவரு, பஸ்ஸுலதான் பாத்திருக்கறேன். யாரு வண்டிங்க இது?" என்று கேட்டார். சீட்டைத் தட்டிப் பார்த்தார். சைலன்சரைக் குனிந்து பார்த்தார். "மைலேஜ் எவ்வளவு குடுக்குதுங்க?"

அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது. நம் ஊரில் எந்த வண்டியைப் பார்த்தாலும் கேட்கிற கேள்வி.

உன் அப்பா ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "என்ற பையன் வண்டிங்க," என்றார். "கல்யாணத்துக்கு எடுத்திருக்கறான். மைலேஜ் அவனைத்தான் கேக்கோணும். அடுத்த மாசம் மருமகளைக் கூட்டிட்டு இந்த வழியாத்தான் வாரான், கேட்டுக்கங்க."

பெரியவர் சரிங்க என்று தலையாட்டிவிட்டுக் கடைக்குள் போனார். உன் அப்பா வளவுப் பக்கம் போகவில்லை, வண்டியைத் திருப்பிக் கோயில் வரைக்கும் வந்தார். "இன்னொருக்கா போலாமா அம்மணி?" என்று கேட்டார். போகலாமுங்க என்றேன். மூன்றாவது கியரில், கையை எடுக்காமல், ஒரே சீராக அந்தத் தெருவைக் கடந்தார். சோதனை செய்வதற்காகவே கூடப் போனவள் நான், சைலன்சரைக் கவனித்திருக்க வேண்டும். அவர் போகிற வழியெல்லாம் பந்திக்கு எத்தனை பேர் வருவார்கள், தாராபுரத்துக்காரர்களுக்கு எங்கே ரூம் போடலாம் என்று என்னிடம் சத்தமாகப் பேசிக்கொண்டே வந்தார், நான் பதில் சொல்லிக்கொண்டே வந்துவிட்டேன்.

அதனால் நாளைக்கே பச்சை வண்டியை புக் பண்ணிவிடு. உன் அப்பா அந்தத் தெருவின் நடுவில் உட்கார்ந்து ஒரு பொய் சொல்லியிருக்கிறார், கண்ணு. விருந்துக்கு முன்னால் நீ அதை உண்மையாக்கிவிட வேண்டும்.

அம்மா